பழைய பிரிட்டிஷ் திகில் படங்கள் பார்க்கத் தொடங்குபவருக்கு: எந்தப் பிரதி, எந்த டிஸ்க், எவ்வளவு செலவு

பழைய பிரிட்டிஷ் திகில் படங்களை "இதுல என்ன பெரிசா இருக்கு" என்று ஒதுக்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பிரதியில் பார்த்தீர்கள்? விசாரித்தால், பாதிப் பேர் பழைய வீடியோ கேசட்டிலிருந்து யாரோ இணையத்தில் ஏற்றிவிட்ட பிரதியைப் பார்த்திருப்பார்கள். நிறம் வெளுத்திருக்கும், படத்தின் இரண்டு ஓரமும் நறுக்கப்பட்டிருக்கும், முக்கியமான இடத்தில் வெட்டு விழுந்திருக்கும். வண்ணத்தை நம்பி எடுத்த படத்தில் வண்ணமே போய்விட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்?

இன்று நல்ல பிரதிகள் கிடைக்கின்றன. ஆனால் ஒரே படத்துக்கு இரண்டு பெயர், மூன்று நீளம், நம் ஊர் பிளேயரில் ஓடாத டிஸ்க், போதாக்குறைக்கு கஸ்டம்ஸ் என்று வழியெல்லாம் தடங்கல். அதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்தப் படங்களில் பலவற்றை எடுத்த ஹாமர் நிறுவனம் எப்படித் தொடங்கியது, எப்படி நொடித்தது என்ற கதையை வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் படத்தில் தொடங்குவது

வருட வரிசையில் பார்க்காதீர்கள். வரிசைப்படி போனால் 1957இல் வந்த 'தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கென்ஸ்டைன்' முதலில் வரும். முக்கியமான படம்தான், ஆனால் நிதானமாக நகரும். 1958இல் வந்த 'டிராகுலா'வில் தொடங்குங்கள். 82 நிமிடம்தான். இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர், திரைக்கதை ஜிம்மி சாங்ஸ்டர், டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக பீட்டர் குஷிங், டிராகுலாவாக கிறிஸ்டோஃபர் லீ. இது பிடிக்காவிட்டால் இந்த வகைப் படமே உங்களுக்கு ஒத்துவராது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிடித்துவிட்டதா? அடுத்து 'தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா' (1960), 'தி டெவில் ரைட்ஸ் அவுட்' (1968), 'குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்' (1967). பிறகு ஹாமருக்கு வெளியே வாருங்கள்: 'நைட் ஆஃப் தி டீமன்' (1957), 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' (1968), 'தி விக்கர் மேன்' (1973). முழுநீளக் கதைக்குப் பொறுமை இல்லாதவர்கள் அமிக்கஸ் நிறுவனப் படங்களுக்குப் போகலாம். 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' (1965) மாதிரி ஒரே படத்துக்குள் ஐந்து குட்டிக் கதைகள். ஒன்று சரியில்லை என்றாலும் அடுத்தது கைகொடுக்கும்.

போஸ்டரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. 'பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா'வில் டிராகுலாவே கிடையாது, லீயும் கிடையாது. அப்படியும் அது ஹாமரின் மிக அழகான படங்களில் ஒன்று. 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1966) படத்தில் லீ உண்டு, ஆனால் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார். குஷிங் முந்தைய படத்தின் முடிவை மறுபடி காட்டும் தொடக்கத்தில் மட்டும் வருவார். இருவரும் மோதுவார்கள் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

எழுபதுகளில் வந்த டிராகுலா தொடர்ச்சிப் படங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எல்லாம் முடிந்து, பாசம் வந்த பிறகு பார்த்தால் மன்னிக்க மனம் வரும்.

நம் ஆட்கள் கவனிக்க இன்னொன்று: 'தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே' (1959). ஹாமர் எடுத்த தக்கர் (வழிப்பறிக் கொலைக் கூட்டத்தார்) கதை. பம்பாய் என்று காட்டுவது தேம்ஸ் கரையில் இருந்த ஸ்டுடியோவை. காளி பூசாரியாக வருபவர் ஜார்ஜ் பாஸ்டல் என்ற சைப்ரஸ்காரர். 'தி மம்மி'யில் எகிப்தியராக வருபவரும் அவரே. கீழை நாட்டு ஆள் என்றால் அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள் போல. எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். முதல் மாதம் இதைத் தொடாதீர்கள்.

2. பெயரைச் சரிபாருங்கள்

அமெரிக்காவில் வெளியிட்டபோது பல படங்களுக்குப் பெயரை மாற்றினார்கள். பெயர் வேறாக இருந்தால் பல நேரம் பிரதியும் வேறு. புதிய படம் என்று நினைத்து ஏற்கனவே வைத்திருப்பதையே மறுபடி வாங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

'டிராகுலா' அங்கே 'ஹாரர் ஆஃப் டிராகுலா'. 'குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்' அங்கே 'ஃபைவ் மில்லியன் இயர்ஸ் டு எர்த்'. 'தி டெவில் ரைட்ஸ் அவுட்' அங்கே 'தி டெவில்ஸ் பிரைட்'. 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' அங்கே 'தி காங்கரர் வோர்ம்'. 'நைட் ஆஃப் தி டீமன்' அங்கே 'கர்ஸ் ஆஃப் தி டீமன்'.

இப்படி மாற்றிய பெயர்களில் 'கிஸ் ஆஃப் ஈவில்' என்பதைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். 'தி கிஸ் ஆஃப் தி வாம்பயர்' படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வெட்டி, வெட்டிய இடத்தை நிரப்ப வேறு ஆட்களை வைத்துக் காட்சிகள் எடுத்து ஒட்டிய பிரதி அது.

3. நீளத்தைப் பாருங்கள்

அட்டையின் பின்பக்கம் இருக்கும் நிமிடக் கணக்குதான் உங்களுடைய முதல் ஆவணம். வாங்குவதற்கு முன் அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

'நைட் ஆஃப் தி டீமன்' பிரிட்டிஷ் பிரதி 96 நிமிடம். அமெரிக்காவில் வெளியானது 82. பதினான்கு நிமிடம் போனால் கதை ஓடும், ஆனால் மெல்லக் கூடிவரும் பயம் போய்விடும். 'தி லெஜெண்ட் ஆஃப் தி 7 கோல்டன் வாம்பயர்ஸ்' 89 நிமிடம். அமெரிக்கப் பிரதி 75, காட்சி வரிசையையும் கலைத்துப்போட்டிருப்பார்கள். 'தி விக்கர் மேன்' இன்னும் சிக்கல்: திரையரங்கில் வந்தது சுமார் 87 நிமிடம், 2013இல் வந்த 'ஃபைனல் கட்' சுமார் 94, அதைவிட நீளமான இயக்குநர் பிரதி ஒன்று. முதல் முறை பார்ப்பவருக்கு என் சிபாரிசு 'ஃபைனல் கட்'. நீண்ட பிரதியில் பின்னர் சேர்த்த பகுதிகள் மங்கலாக இருக்கும். படத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் புதியவர்கள் தேவையில்லாமல் சண்டைக்குப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் வெளியான டிவிடிகள் அங்கத்திய தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் இருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், பால் 25. அதனால் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். 96 நிமிடப் படம் 92 நிமிடத்தில் முடிந்துவிடும், 82 நிமிடப் படம் 79இல். ஒரு காட்சிகூட வெட்டுப்பட்டிருக்காது. "நாலு நிமிஷத்தைக் காணோம்" என்று கடைக்காரருக்குக் காட்டமாக மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ப்ளூரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

சந்தேகம் தீரவில்லையா? பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் (BBFC) இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள். எந்த ஆண்டு எந்தப் பிரதி சமர்ப்பிக்கப்பட்டது, அது எத்தனை நிமிடம், வெட்டு உண்டா என்பதெல்லாம் இருக்கும். இலவசம். பெரியவர்களுக்கு மட்டும் என்று எக்ஸ் சான்றிதழ் வாங்கிய 'டிராகுலா'வுக்கு இன்று 12 வயதுச் சான்றிதழ் என்பதையும் அங்கேதான் பார்க்கலாம்.

4. 'டிராகுலா'வுக்கு மட்டும் தனிக் கவனம்

முதலில் பார்க்கச் சொன்ன படமே வாங்குவதற்குக் கடினமான படம் என்பதுதான் வேடிக்கை.

தணிக்கையில் வெட்டுப்பட்ட சில கணங்கள் நெடுங்காலம் யார் கையிலும் இல்லை. டோக்கியோவில் தேசியத் திரைப்பட மையத்தில் பாதுகாத்த பழைய ஜப்பானியப் பிரதியில் அவை இருந்தன. 1984இல் அங்கே நடந்த தீ விபத்தில் சேதமடைந்த ரீல்கள் அவை. அந்தக் காட்சிகளைச் சேர்த்துச் செப்பனிட்ட பிரதி 2013இல் பிரிட்டனில் ப்ளூரேயாக வந்தது. டிராகுலா மீனாவை நெருங்கும் காட்சியும், கடைசியில் வெயில் பட்டு உருக்குலையும் காட்சியும் அதில்தான் முழுமையாக இருக்கின்றன. ஆனால் அந்த டிஸ்க்கில் படம் முழுக்க ஒரு நீலச் சாயல் என்று ரசிகர்களுக்குக் குறை. எனக்கும் அந்தக் குறை உண்டு.

வார்னர் ஆர்க்கைவ் 2018இல் அமெரிக்காவில் கொண்டுவந்த ப்ளூரே இன்னொன்று. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2007இல் செப்பனிட்ட பிரதியிலிருந்து எடுத்தது. வண்ணம் வெதுவெதுப்பாக இருக்கும், சிவப்பு சிவப்பாகவே தெரியும். ஆனால் ஜப்பானியக் காட்சிகள் இல்லை.

எதை வாங்குவது? முதல் டிஸ்க் என்றால் அமெரிக்க டிஸ்க்கை வாங்குங்கள். ஒளிப்பதிவாளர் ஜாக் ஆஷர் இந்தப் படத்தை வண்ணத்தால் எழுதியிருக்கிறார். அதைக் கெடுத்துக்கொண்டு சில நொடிக் காட்சியைப் பெறுவது நஷ்டம். படம் மனதில் பதிந்த பிறகு பிரிட்டிஷ் டிஸ்க்கை இரண்டாம் கை விலையில் தேடிக்கொள்ளலாம்.

5. உங்கள் பிளேயர் எந்த ரீஜன்

டிஸ்க் வாங்கும் முன் செய்யவேண்டிய வேலை இது. ரீஜன் என்பது ஒரு டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று போட்டிருக்கும் பூட்டு. ப்ளூரேக்கு உலகை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா: பி. அமெரிக்கா, கனடா, மலேசியா, சிங்கப்பூர்: ஏ. இந்தியா, இலங்கை: சி. ஆக, லண்டனிலோ பாரிஸிலோ சூரிச்சிலோ இருக்கும் தமிழருக்கு பிரிட்டிஷ் டிஸ்க்கைப் பொறுத்தவரை ஒரு கவலையும் இல்லை. அப்படியே ஓடும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் இருப்பவர்கள்தான் பார்த்து வாங்கவேண்டும்.

டிவிடிக்குக் கணக்கு வேறு: பிரிட்டன் 2, அமெரிக்கா 1, இந்தியாவும் இலங்கையும் 5, மலேசியாவும் சிங்கப்பூரும் 3. ஆனால் நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்கள் பல எல்லா ரீஜனையும் ஓட்டும். அந்தத் தைரியத்தில் ப்ளூரேயும் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். டிவிடிக்குப் பூட்டைத் திறந்துவிட்டு, ப்ளூரேக்குப் பூட்டியே வைத்திருக்கும் பிளேயர்கள்தான் அதிகம். விற்பவர் "மல்டி ரீஜன் சார்" என்று சொன்னால், "ப்ளூரேக்கா, டிவிடிக்கு மட்டுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது. கையில் 4கே பிளேயர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூரேக்குப் பூட்டு இருக்கலாம். உபரிக் காட்சிகள், நேர்காணல்கள் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கணினியில் ஓட்டுபவர்கள் கவனிக்க: டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதாக எதை வைத்தீர்களோ அதிலேயே நின்றுவிடும்.

6. வாங்குவது: செலவு, ஆவணம், நேரம்

இண்டிகேட்டர், ஸ்டுடியோகனால், ஆரோ, யுரேகா, செகண்ட் சைட் ஆகியவை பிரிட்டனில் இந்தப் படங்களை மரியாதையாக வெளியிடும் லேபிள்கள். அமெரிக்காவில் ஸ்க்ரீம் ஃபேக்டரியும் வார்னர் ஆர்க்கைவும். ஒரு புது ப்ளூரே பொதுவாக 12இலிருந்து 20 பவுண்டு. பெட்டியாக வரும் சிறப்புப் பதிப்புகள் 40ஐத் தாண்டும்.

பிரிட்டனுக்கு வெளியே வாங்குபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது வாட் வரி. அங்கே போட்டிருக்கும் விலையில் 20 சதவீத வரி சேர்ந்திருக்கும். ஏற்றுமதிக்கு அதைக் கழிக்கும் கடைகள் உண்டு: 18 பவுண்டு டிஸ்க் 15க்கு வரும். முகவரி கொடுத்த பிறகு விலை குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் வேறு கடையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மூன்று நான்கு டிஸ்க்காகச் சேர்த்து வாங்கினால் தபால் செலவு பங்கிட்டுப்போகும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு:

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று சில சதவீதம் போடும்.

கூரியரில் வந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதாரோ பாஸ்போர்ட்டோ போதும். ஆனால் ஆர்டரில் கொடுத்த பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். நம் இனிஷியல் பிரச்சினை இங்கே தலைதூக்கும்: ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, ஆர்டரில் ஒற்றை எழுத்து என்றால் பார்சல் அங்கேயே நிற்கும். பில்லை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு எவ்வளவு என்று கேட்டால் காட்ட அதுதான் உதவும்.

"கிஃப்ட்னு போட்டு அனுப்புங்க" என்று விற்பவரிடம் சொல்லும் பழைய தந்திரத்தை விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பரிசுப்பொருள் என்று வரியில்லாமல் வரவழைக்கும் சலுகையை இந்தியா 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது. வரி வரும் என்றே கணக்குப் போட்டு வாங்குங்கள், வராவிட்டால் லாபம்.

தபாலில் வந்தால் இரண்டிலிருந்து நான்கு வாரம் என்று மனதில் வையுங்கள். கூரியர் வேகம், ஆனால் வரியோடு கையாளும் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

எப்போது வாங்குவது? அக்டோபரில் ஹாலோவீனை ஒட்டியும் நவம்பர் கடைசியிலும் விலை இறங்கும். "லிமிடெட் எடிஷன், தீரப்போகிறது" என்ற வாசகத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். கெட்டி அட்டையும் புத்தகமும் இல்லாமல் அதே படம் சாதாரணப் பதிப்பாகப் பின்னால் வருவது வழக்கம். புத்தகத்துக்காக வாங்குபவர் என்றால் மட்டும் உடனே வாங்குங்கள். 'நைட் ஆஃப் தி டீமன்' இண்டிகேட்டர் பதிப்பு அப்படி வாங்கத் தகுந்தது. படத்தின் வெவ்வேறு பிரதிகளை ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டாம் கை டிஸ்க் வாங்கும்போது விற்பவரிடம் அட்டையின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். முன்பக்கப் படத்தை மட்டும் நம்பி நான் வாங்கிய ஒரு டிவிடி, வந்து பார்த்தால் ஓரம் நறுக்கிய பிரதி. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

7. டிவியைச் சரிசெய்யுங்கள், பிறகு எதைப் பார்ப்பது என்று பாருங்கள்

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிராகுலா மெகா சீரியலில் வருவதுபோல் நடப்பார். ஹாமர் படங்கள் பல 1.66 விகிதத்தில் (அகலம் உயரத்தைப்போல் 1.66 மடங்கு) எடுத்தவை. இடமும் வலமும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிந்தால் நல்லது. பட்டையை மறைக்கிறேன் என்று ஜூம் செய்யாதீர்கள். வெளிச்சத்தையும் கூட்டவேண்டாம். இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகலில் எடுத்து இருட்டாக்கியிருக்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் நடுச்சாமத்தில் மரங்களுக்கு நிழல் விழும்.

இப்போது கலைஞர்களைக் கவனியுங்கள். 'தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கென்ஸ்டைன்' சுமார் 65,000 பவுண்டில் எடுத்த படம். பார்த்தால் அப்படியா தெரிகிறது? காரணம் கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன். ஒரு மண்டபத்தைக் கட்டி, தூணை நகர்த்தி, திரையை மாற்றி, அடுத்த படத்துக்கு வேறு மண்டபம் ஆக்கிவிடுவார். இதைக் கண்டுபிடிக்க ஜோடி ஜோடியாகப் பாருங்கள். 'தி பிளேக் ஆஃப் தி ஸாம்பீஸ்', 'தி ரெப்டைல்' இரண்டும் ஜான் கில்லிங் அடுத்தடுத்து எடுத்தவை. இரண்டிலும் ஒரே கிராமம். 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' பார்த்த கையோடு 'ரஸ்புடின் தி மேட் மங்க்' போட்டால், இரண்டிலும் நடிகர்கள் பலர் அதே ஆட்கள், கோட்டையும் அதே கோட்டை. அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால்தான் இது பிடிபடும்.

இசைக்கு ஜேம்ஸ் பெர்னார்ட். 'டிராகுலா'வின் முதன்மை இசைத்துணுக்கு டிரா-கு-லா என்ற மூன்று அசையை அப்படியே கத்தும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் வேறு மாதிரி கேட்க முடியாது. குஷிங்கின் கைகளைப் பாருங்கள். பேசும்போது கண்ணாடியைத் துடைப்பார், கையுறையைக் கழற்றுவார், எதையாவது செய்துகொண்டே இருப்பார். அதனால்தான் நம்பமுடியாத வசனமும் அவர் வாயில் நம்பும்படி இருக்கிறது. 'டிராகுலா' உச்சக்காட்சியில் மேஜைமேல் ஓடித் திரைச்சீலையைப் பாய்ந்து இழுப்பது அவர் சொன்ன யோசனை.

8. நேரில் போய்ப் பார்க்க

படம் எடுத்த இடங்கள் லண்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் என்றால் பார்வையாளர் விசா வேண்டும்: 2025 கணக்கில் ஆறு மாத விசா 127 பவுண்டு. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரம். வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், பயணத் திட்டம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பயண நோக்கத்தில் "சுற்றுலா" என்று எழுதினால் போதும், கல்லறைக் காட்சி எடுத்த காட்டைப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் விளக்கவேண்டாம். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லை. இணையவழி அனுமதி, 2025இல் 16 பவுண்டு.

ஹாமர் படங்களை எடுத்த பிரே ஸ்டுடியோவுக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். வாசல்வரை போய்த் திரும்புவதில் அர்த்தமில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஓக்லி கோர்ட்டுக்குப் போங்கள். 'பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா' மாளிகை அதுதான். இப்போது ஹோட்டல், தேநீருக்கு முன்பதிவு செய்துகொண்டு போனால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். ஹாமர் படங்களின் காடு பெரும்பாலும் பிளாக் பார்க். உள்ளே போக இலவசம், வண்டி நிறுத்தக் கட்டணம். கார் இல்லாதவர்கள் எலிசபெத் லைனில் லாங்லி வரை போய் டாக்ஸி பிடிக்கலாம். ஓக்லி கோர்ட்டையும் இதையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

விட்ஸ்டபிளுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். குஷிங் வாழ்ந்த கடலோர ஊர். லண்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அவர் ஊருக்குக் கொடுத்த இருக்கை 'குஷிங்ஸ் வியூ' என்ற பெயரில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பழைய சினிமா கொட்டகை ஒன்று அவர் பெயரிலேயே மதுக்கடையாக நடக்கிறது. சாப்பாடும் கிடைக்கும், விலையும் நியாயம்.

தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மே கடைசியில் போகலாம்: குஷிங்கின் பிறந்தநாள் மே 26, லீயின் பிறந்தநாள் மே 27. ஆனால் மே மாதக் கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை. அந்த வார இறுதியில் கடலோர ரயில்கள் நிரம்பி வழியும், அறை வாடகையும் ஏறும். செவ்வாய், புதனில் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டைக் காலை நெரிசல் நேரம் முடிந்த பிறகு புறப்படும் வண்டிக்கு எடுத்தால் குறைவாக வரும்.